குடைக்கம்பியும் வௌவால் சிறகும்

ஏற்காட்டு மலையில் குடைக்கு ஆயுள் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 1,500 மி.மீ. மழை, மழையோடு சேர்ந்து சரிவில் ஏறிவரும் பக்கக்காற்று, காபிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் போகும்போது கிளையில் மாட்டிக்கொள்வது என்று எல்லாம் சேர்ந்து அதைச் சீக்கிரமே பரணுக்கு அனுப்பிவிடும். வாழவந்தி மாதிரியான மலை ஊர்களில் வீட்டு மூலையைத் துழாவினால் கம்பி ஒடிந்த கறுப்புக் குடை ஒன்றாவது அகப்படும். அதை விரித்துப் பாருங்கள். காற்று குடையைப் பின்பக்கமாகத் திருப்பும்போது ஒடிவது எட்டுக் கம்பிகளில் ஒன்றோ இரண்டோதான். குறைந்தது ஆறாவது நன்றாகவே இருக்கும். அந்த ஆறு கம்பிகளை வைத்து, முதுகில் மாட்டிக்கொண்டு வேண்டியபோது விரிக்கவும் வேண்டாதபோது மடக்கவும் முடிகிற இரண்டு சிறகுகளைச் செய்துவிடலாம். செய்கிற வழியில் பறவை, வௌவால், பூச்சி, செயற்கைக்கோள் நான்கின் எந்திரவியலும் கைக்கு வந்து சேரும்.

பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியிலும் கிறிஸ்துமஸ் நாடகத்திலும் சிறகு கட்டிய பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அட்டையை வெட்டி, வெள்ளைத்தாள் ஒட்டி, ரிப்பனால் தோளில் கட்டியிருப்பார்கள். தெர்மாகோலில் செய்வதும் உண்டு. ஒரு மீட்டர் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறகோடு பிள்ளை வகுப்பறைக் கதவில் நேராக நுழைய முடியாது, நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வரும் பஸ்ஸில் அப்படியொரு சிறகு ஒடியாமல் வந்து சேருமா? மேடை ஏறுவதற்கு முன்பே முனை மடங்கிப்போகும்.

உயிருள்ள சிறகுக்கும் இதே நெருக்கடி உண்டு. பறக்கும் நேரத்தைவிடப் பறக்காத நேரமே பெரும்பாலான பறவைகளுக்கு அதிகம். அந்த நேரமெல்லாம் சிறகு கிளையில் மாட்டாமல், நனையாமல், கிழியாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும். அகலமான பரப்பைத் தாங்கிப் பிடிக்க ஒரு சட்டம் போதும். அதே பரப்பு ஒரே இழுப்பில் சுருங்கி, மறு இழுப்பில் பிசகாமல் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டுமென்றால் மூட்டு வேண்டும். அந்த மூட்டுகள் ஒன்றுக்கொன்று பேசிவைத்துக்கொண்டு அசைய வேண்டும். சிறகின் அறிவியல் முழுக்க மடிப்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் வௌவாலைப் பார்ப்போம், குடைக்கு நெருங்கிய சொந்தம் அதுதான். வௌவாலின் சிறகு ஒரு கை. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் நமக்கு இருப்பவைதான். கட்டைவிரல் சிறியதாக, நகத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற நான்கு விரல்களும் மிக நீளமாக வளர்ந்து, அவற்றுக்கு நடுவே மெல்லிய தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நம்மூர்ப் பெரிய பழந்தின்னி வௌவால் சிறகை முழுதாக விரித்தால் முனைக்கு முனை ஒரு மீட்டரைத் தாண்டும். பகலில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும்போது அத்தனை பரப்பையும் உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. தமிழ்நாட்டில் சில ஊர்க்காரர்கள் இந்த வௌவால்களுக்காகவே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் இந்த மடிப்பைத் தினமும் பார்க்கும் பேறு பெற்றவர்கள்.

வௌவால் தோலுக்குள் நெகிழும் இழைகள் ஓடுகின்றன. விரல்கள் நெருங்கும்போது அவை தோலைச் சுருக்கிக்கொள்வதால் மடிந்த சிறகு தொளதொளவென்று தொங்குவதில்லை. குடைத்துணிக்கு அந்த நெகிழ்வு கிடையாது. ஆனால் வேறொன்று இருக்கிறது. குடையின் ஓரத்தைக் கவனியுங்கள்: ஒரு கம்பி முனையிலிருந்து அடுத்த கம்பி முனைக்குத் துணி நேர்கோடாகப் போகாமல் உள்வாங்கி வளைந்து போகும். வௌவால் சிறகின் பின் ஓரத்திலும் அதே வளைவு. ஓரம் நேராக இருந்தால் அந்த இடத்துத் துணியை இழுத்துப் பிடிக்க யாருமில்லை, காற்றில் படபடக்கும். உள்வளைவாக வெட்டினால் முனைகளில் விழும் இழுவிசை ஓரம் முழுக்கப் பரவி, துணி விறைப்பாக நிற்கும். தையல்காரரிடம் போய் இந்த வளைவை வெட்டித் தரச் சொல்ல வேண்டியதில்லை. குடை செய்தவர் ஏற்கெனவே வெட்டித் தைத்து வைத்திருக்கிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நீளக் குடையில் எட்டுத் துணித்துண்டுகள். வட்டத்துக்கு 360 பாகை என்றால் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 45. மூன்று கம்பிகளையும் அவற்றுக்கு இடையில் உள்ள இரண்டு துண்டுகளையும் தையல் பிரிக்காமல் ஒன்றாக வெட்டி எடுத்தால் 90 பாகைக்கு விரியும் கால்வட்டச் சிறகு ஒன்று கிடைக்கும். இன்னொரு மூன்று கம்பிகளில் அடுத்த சிறகு. ஒடிந்த இரண்டு கம்பிகள் குடையில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து வெட்டும் இடத்தை முடிவு செய்யுங்கள். அவை அடுத்தடுத்து இருந்தாலும் நேரெதிராக இருந்தாலும் மும்மூன்றாகப் பிரித்துவிடலாம். வேறு விதமாக இருந்தால் ஒரு கம்பியை மட்டும் இடம் மாற்றித் தைக்க வேண்டியிருக்கும்.

கம்பிகளின் உள்முனையில் சிறு துளை இருக்கும். குடையின் உச்சியில் மெல்லிய கம்பியைக் கோத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியது அந்தத் துளை வழியாகத்தான். ஒரு சிறகின் மூன்று கம்பிகளையும் ஒரே ஆணியில் அடுக்குங்கள், இடையிடையே வாஷர் போட்டு. வாஷர் இல்லாவிட்டால் கம்பியும் கம்பியும் உரசிப் பிடித்துக்கொள்ளும். தண்டுக்கும் கம்பிக்கும் நடுவே தாங்கியாக நின்ற குட்டைக் கம்பிகளை ரிவெட்டை நெம்பிக் கழற்றிவிடலாம். ஆணியைப் பொருத்துவதற்குப் பழைய பள்ளிப் பையின் முதுகுப்பக்கம் போதும். அதற்குள் ஒரு பிளைவுட் துண்டைச் செருகி, தோள் உயரத்தில் இடமும் வலமுமாக இரண்டு துளை போடுங்கள். பையின் வார்கள் தோளில் எடையை வாங்கிக்கொள்ளும். பிளைவுட் ஏன் வேண்டுமென்றால், இரண்டு சிறகும் ஒரே சமயத்தில் விரியும்போது இடது சிறகின் திருப்புத்திறனும் வலது சிறகின் திருப்புத்திறனும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அடித்துவிடும். பிள்ளையின் உடம்பு சாயாது. அந்தச் சண்டை முழுக்க நடுப்பலகையில் நடப்பதால் பலகை வளையக் கூடாது. அட்டை அங்கே தாங்காது.

மூன்று கம்பிகளில் பின்கம்பியைக் கீழ்நோக்கி அசையாமல் கட்டிவிடுங்கள். முன்கம்பியை மட்டும் இழுத்தால் போதும். அது மேலெழுந்து பக்கவாட்டில் கிடைமட்டமாக நிற்கும்போது நடுக்கம்பியைத் துணியே இழுத்துக்கொண்டு வந்து சரியாகப் பாதி வழியில் நிறுத்தும். நடுக்கம்பிக்குத் தனியாகக் கயிறு தேவையில்லை என்பதைச் செய்து பார்க்கும்போதுதான் நம்ப முடியும். பறவையின் இறகுகளும் இப்படித்தான் விரிகின்றன. ஒவ்வோர் இறகுக்கும் தனித் தசை வைத்து இழுப்பதில்லை. அடிப்பக்கத்தில் இறகுகளைக் கோத்துச் செல்லும் நெகிழும் நார், முதல் இறகு நகர்ந்தால் மற்றவற்றையும் சம இடைவெளியில் பரப்பிவிடுகிறது. புயல்காற்றிலும் இறகுகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் இருப்பதற்குக் காரணம் இன்னொன்று: ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. விரியும் திசையில் அவை மாட்டிப் பிடிக்கும், மடியும் திசையில் வழுக்கிவிடும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-இல் சயன்ஸ் இதழில் இதை விளக்கியதோடு, புறாவின் உண்மையான இறகுகளைப் பொருத்திய பறக்கும் எந்திரம் ஒன்றையும் செய்து காட்டினார்கள்.

முன்கம்பியை எதைக் கொண்டு இழுப்பது? மயிலாட்டக் கலைஞர்கள் இதற்கு வழி சொல்கிறார்கள். மயில் உருவக் கூட்டுக்குள் நின்று நையாண்டி மேளத்துக்கு ஆடும்போதே, கைக்குள் இருக்கும் நூலை இழுத்து மயிலின் அலகைத் திறந்து மூடுகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு நூல் தெரியாது. சிறகுக்கு நூலைவிடத் தோதானது மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்ட கிளட்ச் கேபிள். ஏற்காட்டில் சைக்கிளைவிட டூ-வீலர் அதிகம், பழைய கேபிளுக்குப் பஞ்சமிருக்காது. வெளி உறை நெருக்கமாகச் சுற்றிய இரும்புச் சுருள். நீளவாக்கில் நசுங்காது, பக்கவாட்டில் எப்படியும் வளையும். உள்ளே ஓடும் ஒயரை இழுத்தால், உறை எந்தப் பாதையில் வளைந்து போனாலும் மறுமுனையில் அதே அளவு நகர்வு கிடைக்கும். எர்னஸ்ட் பௌடன் 1896-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. நம் விரல்களை மடக்கும் தசைநாரும் இதே மாதிரி உறைக்குள்தான் ஓடுகிறது. தசை முழங்கைக்குக் கீழே இருக்க, அசைவு விரல் நுனியில் நடக்கிறது.

ஒயரை முன்கம்பியில் எங்கே கட்டுவது என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் பலருடைய சிறகு திறக்காமல் நின்றுபோகும், ஆகவே கொஞ்சம் நிதானமாகக் கணக்கிடுவோம். கம்பியின் நீளம் 60 செ.மீ., எடை 30 கிராம், துணி 20 கிராமுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக விரிந்த நிலையில் சிறகைத் தாங்க ஆணியைச் சுற்றி ஏறத்தாழ 0.2 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் வேண்டும். ஆணியிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒயரைக் கட்டினால் 7 நியூட்டன் விசையோடு இழுக்க வேண்டும். 700 கிராம் எடையைத் தூக்கும் இழுப்பு அது. 6 செ.மீ. தள்ளிக் கட்டினால் இழுப்பு பாதியாகிவிடும். ஆனால் சிறகு 90 பாகை சுழல்வதற்கு முதல் வகையில் ஒயர் 4.7 செ.மீ. நகர்ந்தால் போதும், இரண்டாவதில் 9.4 செ.மீ. நகர வேண்டும். பிரேக் லிவரைப் பிடித்து அமுக்கினால் இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் ஒயர் வராது. ஒயர் முனையில் ஒரு வளையம் கட்டி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கையை நீட்டினால் பத்து செ.மீ. தாராளமாக வரும். கேபிளின் உராய்வும் கொஞ்சம் விசையைத் தின்னும். எனவே வளையமும் 6 செ.மீ. தூரமும் சிறு பிள்ளைக்குப் பொருத்தம். கையை விட்டால்? ஒயருக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. சிறகை மூடுவதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்; முன்கம்பி தானாகக் கீழே இறங்கி மற்ற இரண்டோடும் சேர்ந்து முதுகில் தொங்கும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தோளிலிருந்து 60 செ.மீ. தொங்கினாலும் தரையில் இடிக்காது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்துக்குக் கட்டிய பழைய ஃபிளெக்ஸ் பேனர் எல்லா ஊரிலும் சும்மா கிடைக்கிறதே என்று துணிக்குப் பதில் அதை எடுக்கத் தோன்றும். எடுக்க வேண்டாம். குடைத்துணியைவிட அது பல மடங்கு கனம், மடித்த இடத்தில் தழும்பும் விழும். மரம் தேவைப்பட்டால் கல்யாண முருங்கையைத் தேடுங்கள். வட தமிழகக் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் இரவு முழுதும் தலையிலும் தோளிலும் கட்டி ஆடும் மர அணிகளுக்கு இந்த எடை குறைந்த மரத்தைத்தான் எடுத்தார்கள். காபித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக்கொடி படர்வதற்கும் வளர்க்கும் மரமும் அதுவே. கவாத்து செய்து வெட்டிப் போட்ட கிளையில் ஒரு துண்டு போதும்.

இதுவரை செய்த சிறகு கோணத்தில் மடியும், நீளத்தில் மடியாது. 60 செ.மீ. கம்பி மடித்தாலும் 60 செ.மீ.தான். இன்னும் நீளமான சிறகு வேண்டுமென்றால் கம்பிக்கு நடுவில் முழங்கை வைக்க வேண்டும். அங்கே சிக்கல் ஆரம்பிக்கிறது: முழங்கைக்கு ஓர் ஒயர், மணிக்கட்டுக்கு ஓர் ஒயர் என்று இரண்டாகிவிடும். இரண்டையும் ஒரே தாளத்தில் இழுப்பது பெரியவர்களுக்கே கடினம்.

பறவை இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க, கறிக்கடையில் ஒரு முழுக் கோழி இறக்கையை வெட்டாமல் வாங்கி வாருங்கள். மேல் எலும்பை ஒரு கையில் பிடித்து, முன்கையை மறு கையால் மெல்ல நீட்டுங்கள். மணிக்கட்டை நீங்கள் தொடவே இல்லை. ஆனால் இறக்கையின் நுனி தானாக நிமிர்ந்து வெளியே நீளும். முழங்கையை மடக்குங்கள், நுனியும் மடங்கி ஒட்டிக்கொள்ளும். உயிர் போன இறக்கையில் தசை வேலை செய்யவில்லை. இது எலும்பின் வேலை. முன்கையில் இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, ஒன்று பருமன், ஒன்று மெல்லியது. முழங்கை மடங்கும்போது மெல்லிய எலும்பு பருமனான எலும்பின் மேலே வழுக்கி முன்னால் நகர்ந்து மணிக்கட்டைத் தள்ளி மடக்குகிறது. நீளும்போது பின்னால் வந்து மணிக்கட்டை நிமிர்த்துகிறது. முன்னோரத்துத் தோலில் தோளிலிருந்து மணிக்கட்டுக்கு ஓடும் தசைநாரும் இதற்கு உதவுகிறது. மேல் எலும்பு, இரண்டு முன்கை எலும்புகள், கை எலும்பு என்று நான்கு துண்டுகள், நான்கு மூட்டுகள். ஒரு மூட்டை அசைத்தால் மற்ற மூன்றும் அதற்குக் கட்டுப்பட்டு அசைய வேண்டியதுதான்.

ஏன் நான்கு? இதைத் தீக்குச்சியில் பார்த்துவிடலாம். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்தபோது, கிராமச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவங்கள் கோக்கக் கற்றுக்கொடுத்தார். குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அவருடைய பணிக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கோத்தால் அமுக்கினாலும் அசையாது. நான்கைச் சதுரமாகக் கோத்தால் சாய்சதுரமாகச் சரியும், ஆனால் ஒரே விதமாகத்தான் சரியும். ஐந்தைக் கோத்தால் கட்டுப்பாடில்லாமல் குழையும்.

ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவும் ஜெர்மானியர் குரூப்ளரும் 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்காக்கினார்கள். தட்டையான ஒரு சட்டகத்தில் எத்தனை துண்டுகள் என்று எண்ணி, ஒன்றைக் கழித்து, மூன்றால் பெருக்குங்கள். அதிலிருந்து மூட்டுகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அந்தச் சட்டகத்தின் தனி அசைவுகள். முக்கோணத்துக்கு 6-6, பூஜ்யம். நாற்கரத்துக்கு 9-8, ஒன்று. ஐங்கோணத்துக்கு 12-10, இரண்டு. விடை ஒன்று என்று வந்தால் ஒரே ஒயர் போதும். பறவையின் கை அந்த ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த நாற்கரத்தை வீட்டில் செய்ய வேண்டியதில்லை, கடைக்காரர் விற்றுவிட்டார். கைப்பைக்குள் வைக்கும் மூன்று மடிப்புக் குடை ஒன்று உடைந்திருந்தால் அதிலிருந்து ஒரே ஒரு கம்பியைக் கழற்றி மேசையில் வைத்துப் பாருங்கள். அது ஒரு கம்பி இல்லை. மூன்று துண்டுகள், அவற்றோடு ஒட்டியபடி ஓடும் மெல்லிய துணைக்கம்பிகள். முதல் துண்டை விரித்தால் துணைக்கம்பி இரண்டாவதை இழுத்து நிமிர்த்துகிறது, அடுத்த துணைக்கம்பி மூன்றாவதை. கோழியின் மெல்லிய முன்கை எலும்பு செய்த அதே வேலை. குடைக்குள் எட்டுப் பறவைக் கைகள் வட்டமாக நிற்கின்றன என்று சொன்னால் அது மிகையில்லை. இந்தக் கம்பிகளைச் சிறகின் முன்னோரத்துக்கு வைத்தால், மடித்தபோது ஒரு சாண் சொச்சமாகவும் விரித்தபோது அதன் இரண்டு மடங்குக்கு மேலாகவும் சிறகு நீளும். முதல் சிறகை நீளக்குடையில் செய்து பழகிய பிறகு இதில் இறங்குங்கள். ரிவெட் தளர்ந்த கம்பியை எடுக்க வேண்டாம். ஒரு மூட்டு ஆடினாலும் முனையில் அந்த ஆட்டம் பெரிதாகத் தெரியும்.

பட்டாம்பூச்சிச் சிறகு கேட்கும் பிள்ளைகளுக்கு வேலை குறைவு. பட்டாம்பூச்சி தன் சிறகை மடிப்பதே இல்லை. முதுகுக்கு மேலே இரண்டையும் சேர்த்துவைக்கிறது, அவ்வளவுதான். அடியில் ஒரு கீல் போதும்.

பூச்சிகளில் மடிப்புக் கலை உச்சத்துக்குப் போனது வண்டுகளிடத்தில். காபி இலையில் நடக்கும் சிவப்புப் பொறிவண்டு பறக்கும்போது, கெட்டியான மேலோடு இரண்டாகப் பிளந்து, அதற்குள்ளிருந்து உடம்பைவிட நீளமான மெல்லிய சிறகு வெளியே வரும். வந்து உட்கார்ந்ததும் அது மறுபடி உள்ளே போய்விடும். மேலோடு மூடிய பிறகே மடிப்பு நடப்பதால் வெகுகாலம் யாராலும் பார்க்க முடியவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுயா சைட்டோவும் குழுவினரும் ஒளிபுகும் பிசினில் மேலோடு வார்த்து உயிருள்ள வண்டில் பொருத்தி, உள்ளே நடப்பதைப் படம்பிடித்து 2017-இல் வெளியிட்டார்கள். வயிற்றுப்பகுதியை மேலும் கீழும் அசைத்து வண்டு சிறகை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிறகின் நரம்புகள் குறுக்குவெட்டில் வளைந்திருக்கின்றன. அவைதான் விறைப்பையும் மடிப்பையும் ஒரே பொருளில் தருகின்றன. கொத்தனாரின் இரும்பு டேப்பில் இருப்பதும் அந்த வளைவே. நீட்டினால் விறைத்து நிற்கும், எந்த இடத்தில் அமுக்கினாலும் மடங்கும், விட்டால் படாரென்று நிமிரும். எண் அழிந்து தூக்கிப்போட்ட டேப் கிடைத்தால் ஒரு சாண் வெட்டிச் சிறகின் முனையில் கட்டுங்கள். ஆணியில்லாத மூட்டு அது. வெட்டிய ஓரம் கத்தி மாதிரி இருக்கும், இன்சுலேஷன் டேப் சுற்றாமல் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது.

வாலில் இடுக்கி வைத்திருக்கும் பூச்சி ஒன்று ஈரமான மண்ணிலும் உதிர்ந்த இலைக்கடியிலும் திரியும். அதன் சிறகு விரிந்தால் மடிந்த அளவைப் போல் பத்து மடங்குக்கு மேல் பரப்பு. விரிந்த நிலையிலும் மடிந்த நிலையிலும் தசையின் உதவியில்லாமலே நிற்கும். நடுவில் மட்டும் நிற்காது. மடிப்புக் கோடுகளில் ரெசிலின் என்னும் ரப்பர் போன்ற புரதம் இருப்பதே காரணம் என்று சூரிச் ஈ.டி.எச்., பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் விளக்கினார்கள்.

விண்வெளிப் பொறியாளர்கள் இதையெல்லாம் ஆவலோடு படிப்பதற்குக் காரணம் இருக்கிறது. செயற்கைக்கோளின் சூரியத்தகடு ராக்கெட் தலைக்குள் மடங்கிப் போய், மேலே ஒரே ஒரு முறை விரிய வேண்டும். 1983 ஆகஸ்ட் கடைசியில் சாலஞ்சர் விண்ணோடத்திலிருந்து அனுப்பப்பட்ட நம் இன்சாட்-1பி மேலே போனதும் அதன் சூரியத்தகடு விரியாமல் மாட்டிக்கொண்டது. செப்டம்பர் நடுவில்தான் ஒருவழியாக அதை விரிக்க முடிந்தது. பிறகு பல ஆண்டுகள் நாட்டின் தொலைக்காட்சியும் தொலைபேசியும் அதை நம்பியிருந்தன. ஜப்பானின் கோரியோ மியுரா வகுத்த மடிப்பில் ஒரு மூலையை இழுத்தால் தாள் முழுதும் இரு திசையிலும் ஒன்றாக விரியும். 1995-இல் ஒரு ஜப்பானிய விண்கலத்தின் தகடு அந்த முறையில் விரிந்தது. அதுவும் தனி அசைவு ஒன்று என்ற கணக்குதான்.

சிறகு கட்டியதும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பறக்குமா? நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 30 கிலோ எடையுள்ள பிள்ளை, இரண்டு சிறகும் சேர்த்து அரைச் சதுர மீட்டர் பரப்பு. ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அந்தக் காற்றில் அந்தச் சிறகு அந்த எடையைத் தாங்க, மணிக்கு ஏறத்தாழ 120 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். சிறகடித்து மேலெழத் தேவையான மார்புத் தசையும் மனிதருக்கு இல்லை. ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால் 1894-இல் செய்த சறுக்குவிமானம் குச்சியும் துணியுமாக, வௌவால் சிறகைப் போல மடித்து எடுத்துச் செல்லும்படி இருந்தது. பரப்பு நம் குடைச் சிறகைவிட இருபது மடங்குக்கு மேல். பறவைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஆயிரக்கணக்கான முறை சறுக்கிப் பழகிய அவரும் 1896 ஆகஸ்டில் மேலிருந்து விழுந்து இறந்தார். ஆகவே இந்தச் சிறகோடு திண்ணையிலிருந்துகூடக் குதிக்கக் கூடாது. மலை விளிம்பில் உள்ள காட்சிமுனைகளுக்கு இதைக் கட்டிக்கொண்டு போகவே கூடாது. பலத்த காற்றில் மைதானத்தில் விரிப்பதும் வேண்டாம், தள்ளிவிடும். கம்பி முனைகளில் துணி தைத்த சின்னக் குப்பிகள் விழாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்; அவை விழுந்தால் பக்கத்துப் பிள்ளையின் கண் உயரத்தில் கூர்முனை நிற்கும்.

மாறுவேடப் போட்டிக்கு நடுவராக உட்காரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கிய பளபளப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். சிறகு கட்டி வரும் பிள்ளையை மேடைக்குப் பக்கக் கதவு வழியாக வரச் சொல்லுங்கள். நுழைந்து, விரித்து, மறுபடி மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். எந்த மூட்டு எதை இழுக்கிறது என்று ஒரு நிமிடம் கேளுங்கள். தன் கையால் செய்த பிள்ளை தடுமாறாமல் சொல்லும். பரிசு அந்தப் பிள்ளைக்குப் போகட்டும்.